நாற்காலி எண் இல்லாத ஐயாயிரம் ரூபாய் டிக்கெட்: நல்ல இடம் பிடிப்பது எப்படி?

பெரம்பூர் பொண்ணு (டிசம்பர் 2, இரவு 10:40)

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் இந்த இணைய மன்றத்தில் படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். இன்று கேட்க ஒரு கேள்வி வந்துவிட்டது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 73 வயது. ரயில்வேயில் ரிசர்வேஷன் கவுன்ட்டரில் 31 வருடம் உட்கார்ந்து ரிடையர் ஆனவர். எங்கள் வீட்டுக்கு டேப் ரெக்கார்டர் வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே இசையமைப்பாளர்தான். யார் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் இந்த உரையாடல் திரி எந்தப் பக்கம் போகும் என்று உங்களுக்கே தெரியும். அவரை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அப்பா வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் டிவியில் கச்சேரி விளம்பரம் வந்தால் வால்யூமைக் கூட்டுவார். அதுவே கேட்ட மாதிரிதான்.

இரண்டு மாதம் முன்னால் நகருக்கு வெளியே ஒரு மைதானத்தில் கச்சேரி. ஞாயிறு பகல் 12 மணிக்கு டிக்கெட் திறந்தார்கள். 11:50-க்கே லேப்டாப்பிலும் போனிலும் உட்கார்ந்துவிட்டேன். வரிசையில் என் எண் பதினெட்டாயிரத்துச் சொச்சம். என் முறை வந்தபோது 12:25. இரண்டாயிரம் ரூபாய் சில்வர் தீர்ந்திருந்தது. மிச்சம் இருந்தது கோல்டு 5,000, டைமண்ட் 12,000, அதற்கு மேல் விஐபி. கோல்டு இரண்டு போட்டேன்.

5,000 என்று யார் சொன்னது? 18 சதவீத ஜிஎஸ்டி 900. வசதிக் கட்டணம் 250. அந்த வசதிக்கு ஒரு ஜிஎஸ்டி, 45. ஆக ஒரு டிக்கெட் 6,195, இரண்டுக்கும் 12,390. என்ன வசதி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. டிக்கெட்டை அச்சடித்தது என் ஆபீஸ் பிரின்டர்.

படத்தில் மேடைக்கு எதிரே கலர் கலராகப் பட்டைகள் இருந்தன. கோல்டு மஞ்சள், மூன்றாவது பட்டை. சரி, பார்க்கிற தூரம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு கேப்காரர் இறக்கிவிட்ட இடத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் நடை. அப்பாவுக்கு இடது முட்டி சரியில்லை. உள்ளே போனால் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகள், நாலு நாலாகச் சேர்த்துக் கட்டியிருந்தது. எண் எதுவும் இல்லை. "எங்க வேணா உட்காருங்கக்கா" என்றான் செக்யூரிட்டி பையன். ஐந்து மணிக்கே போயிருந்ததால் கோல்டில் நாலாவது வரிசை கிடைத்தது. அப்பா கர்ச்சீப்பை விரித்து உட்கார்ந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

ஆறு மணிக்கு ஒரு மினி லாரி வந்தது. எங்களுக்கு முன்னால் ஐந்து வரிசை புதிதாக முளைத்தது. அப்புறம் டைமண்டுக்கும் கோல்டுக்கும் நடுவில் இருந்த இரும்புத் தடுப்பு, கச்சேரி தொடங்குவதற்குள் இரண்டு முறை பின்னால் நகர்ந்தது, வரப்பை நகர்த்துகிற பங்காளி மாதிரி. கடைசியாக எங்களுக்கு நேர் எதிரே கேமரா வைக்க ஒரு இரும்பு மேடை, அதன் மேல் இரண்டு பேர் நின்றுகொண்டு. மேடை என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. முன்வரிசைப் பையன் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அப்பா அவன் போன் திரையில்தான் கச்சேரி பார்த்தார். ஐந்தங்குலம்.

அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திரும்பி வரும்போது சொன்னார்: "எல்லா வண்டியிலயும் கோட்டா உண்டும்மா. விஐபி கோட்டா, எமர்ஜென்சி கோட்டா எல்லாம் என் கையாலயே போட்டிருக்கேன். ஆனா சார்ட்ல பேர் ஏறிட்டா அந்த பெர்த் அவனோடதுதான், மந்திரி வந்தாலும் எழுப்ப முடியாது. இங்க சார்ட்டே ஒட்டலையே."

என் புகாரும் அதேதான். விலை அதிகம், சரி, விற்கிறவன் விலை வைக்கிறான், பிடித்தால் வாங்குகிறோம். ஆனால் 120 ரூபாய் சினிமா டிக்கெட்டில் ஜே-14 என்று இருக்கிறது. ராத்திரி பஸ்ஸில் ஜன்னல் சீட் எது என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். ஆறாயிரத்துச் சொச்சம் கொடுத்தவளுக்கு எந்த நாற்காலி என்று மட்டும் சொல்ல மாட்டார்களாம்.

பிப்ரவரியில் அதே இசையமைப்பாளருடைய இன்னொரு கச்சேரி வருகிறது, இது நகருக்குள் உள்ளரங்கில். வருகிற ஞாயிறு விற்பனை. என் கேள்விகள்: டைமண்ட் போட்டால்தான் மேடை தெரியுமா? கடைசி நாள்வரை காத்திருந்தால் விலை இறங்குமா? போன தடவை கொடுத்த காசில் கொஞ்சமாவது திரும்ப வாங்க வழி உண்டா?

தோசைக்கல் (டிசம்பர் 2, இரவு 11:05)

நாலு நாளில் எல்லாப் பாட்டும் யூடியூபில் வந்துவிடும். கால் நீட்டிக்கொண்டு பார்க்கலாம். முட்டிக்கும் நல்லது.

[இந்தப் பதிவை நெறியாளர் நீக்கியுள்ளார்]

பெரம்பூர் பொண்ணு (டிசம்பர் 3, காலை 7:12)

தோசைக்கல், யூடியூபில் பார்க்கத் தெரியாமலா அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒன்றரை கிலோமீட்டர் நடந்தேன்?

மேலே நீக்கப்பட்ட பதிவை நீக்குவதற்குள் படித்துவிட்டேன். பிப்ரவரி கச்சேரிக்கு இரண்டு டைமண்ட் கைவசம் இருக்கிறது, ஒன்று 19,000, இன்பாக்ஸ் வாருங்கள் என்று ஒரு புண்ணியவான். விற்பனையே ஞாயிறுதான் தொடங்குகிறது. செவ்வாய் இரவே இவர் கைக்கு எப்படி வந்தது?

கன்சோல் பக்கத்து ஆள் (டிசம்பர் 3, பகல் 1:30)

சகோதரி, பதினெட்டு வருடமாக லைவ் சவுண்டில் இருக்கிறேன். மைக் ஸ்டாண்ட் தூக்குவதில் ஆரம்பித்து இப்போது சிஸ்டம் பார்க்கிறேன். உங்கள் கச்சேரியில் நான் இல்லை. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தபோது, தடுப்பு நகர்ந்த சத்தம் என் காதில் கேட்டது.

முதலில் அந்த "கைவசம்" ஆள். அவரிடம் டிக்கெட் இல்லை. உங்களிடம் 19,000 வாங்கிக்கொண்டு ஞாயிறன்று உங்களோடு சேர்ந்து வரிசையில் நிற்பார். கிடைத்தால் கொடுப்பார், கிடைக்காவிட்டால் போன் எண்ணை மாற்றிவிடுவார். இன்னொரு வகை உண்டு: ஒரே க்யூஆர் கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஐந்து பேருக்கு விற்பது. முதலில் ஸ்கேன் ஆனவர் உள்ளே, மற்ற நாலு பேர் கேட்டில் நின்று அழுவார்கள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இனி நாற்காலிக்கு ஏன் எண் இல்லை என்பதற்கு வருகிறேன். மைதானத்தில் நாற்காலி வாடகைக்காரர் போட்டு முடிப்பதே அன்று மதியம்தான், எண் ஒட்ட ஆள் வேண்டும், ஒவ்வொருவரையும் இடம் காட்டி உட்காரவைக்க ஆள் வேண்டும், செலவு என்பார்கள். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. எண் போட்டால் ஒரு நாற்காலியை ஒருவருக்குத்தான் விற்க முடியும். மீதிப் பாதி அது.

டிக்கெட் வேறு, பாஸ் வேறு. பாஸ் அடிப்பது ஒரே ஆள் இல்லை. நடத்துகிறவர் பக்கம் கொஞ்சம், ஸ்பான்சர் பக்கம் கொஞ்சம், கலைஞர்கள் பக்கம் கொஞ்சம், அனுமதிக்கு அலைந்த இடங்களில் கேட்டவர்களுக்குக் கொஞ்சம். மொத்தம் எத்தனை என்று எல்லோரும் உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பது அன்று மாலை ஐந்து மணிக்கு. கணக்கு உதைக்கும். அப்போது முன்னால் இருக்கும் பகுதி பின்னால் வளரும். வளர்ச்சி எப்போதும் பின்பக்கம்தான், ஏனென்றால் முன்னால் மேடை இருக்கிறதே.

இனி உங்களுக்கு வேண்டிய விஷயம். காசு கூடினால் காதுக்கு நல்லது என்று நினைக்காதீர்கள். மேடைக்கு ஒட்டின முதல் சில வரிசைகளில் தரையில் வைத்த சப் (கனத்த அடிச்சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) நெஞ்சில் இடிக்கும், மேலே தொங்குகிற ஸ்பீக்கர் குரலைத் தலைக்கு மேல் தாண்டிப் பின்னால் அனுப்பிவிடும். அந்த இடத்துக்கென்று மேடை விளிம்பில் தனியாகச் சின்ன ஸ்பீக்கர் வைக்க வேண்டும், வைத்தால் பிழைத்தீர்கள். அந்த இடம் போட்டோவுக்குத்தான் நல்லது.

நாங்கள் மிக்ஸ் செய்கிற கன்சோல், அதாவது எல்லாச் சத்தத்தையும் கலந்து சரிசெய்கிற மேசை, எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அரங்கத்தின் நடுவில் ஒரு சின்னப் பந்தல் மாதிரி இருக்கும். அதற்கு இரண்டு வரிசை முன்னால், அல்லது இடமோ வலமோ பக்கத்தில் உட்காருங்கள். நாங்கள் எதைக் கேட்டுச் சரி செய்கிறோமோ அதையே நீங்களும் கேட்பீர்கள். ஆனால் அதற்கு நேர் பின்னால் மட்டும் உட்காரவே கூடாது, எங்கள் முதுகுதான் தெரியும். பெரும்பாலும் அந்த இடம் நடு விலையில்தான் வரும்.

ரொம்பப் பின்னால் போனால் இன்னொரு தொல்லை. சத்தம் ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். நீங்கள் 100 மீட்டர் தள்ளி இருந்தால் பாட்டு உங்களிடம் வர கிட்டத்தட்ட மூன்றில் ஒரு நொடி ஆகும், வெளிச்சம் உடனே வந்துவிடும். பாடகர் வாயை மூடிய பிறகு சொல் காதில் விழும். சிலருக்கு அது தலைவலி. உள்ளரங்கில் இவ்வளவு தூரம் வராது, அதனால் பிப்ரவரி கச்சேரிக்கு நடு விலையில் தைரியமாகப் போடுங்கள். படத்தில் வரிசை எண் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். இல்லையென்றால் காசைக் கட்டாதீர்கள்.

கடைசி நாள் விலை இறங்குமா? தீராத கச்சேரி என்றால் "ஒன்று வாங்கினால் ஒன்று" என்று விடுவார்கள், பார்த்திருக்கிறேன். உங்கள் ஆளுடைய கச்சேரி தீராமல் இருக்காது.

பால்கனி மாமா (டிசம்பர் 3, மாலை 6:15)

அம்மா, உங்கள் அப்பா சொன்ன சார்ட் உதாரணத்தை என் வீட்டில் படித்துக் காட்டினேன், மாமி கைதட்டினாள்.

சினிமா கச்சேரிக்காரர்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை என்று சொல்லவே இதை எழுதுகிறேன். நாற்பது வருடமாக மார்கழிக்கு சபா சபாவாக ஏறி இறங்குகிறவன். எங்கள் பக்கம் எண் உண்டு, வரிசை உண்டு, எல்லாம் உண்டு. ஆனால் முன்வரிசைகள் புரவலர்களுக்கும் ஆயுள் உறுப்பினர்களுக்கும் சீசன் டிக்கெட்காரர்களுக்கும் போன பிறகு மிஞ்சுவதுதான் தினசரி டிக்கெட். ஒரு வருடம் ஒரு பெரிய வித்வானுக்குக் காலை ஆறு மணிக்கு சபா வாசலில் நின்றேன். எனக்கு முன்னால் நாற்பது பேர். என் முறை வந்தபோது தீர்ந்துவிட்டது என்றார்கள். அன்று மாலை உள்ளே இருந்த ஒரு நண்பர் போன் செய்து சொன்னார்: முன்னால் மூன்று வரிசை அப்படியே காலி. வெளியே ஹவுஸ்ஃபுல் போர்டு. வராதவருடைய நாற்காலிக்கும் மரியாதை, வந்தவன் தெருவில்.

அதற்கப்புறம் நான் கற்றுக்கொண்ட சூட்சுமங்கள். ஒன்று, பால்கனி. விலை குறைவு, பல அரங்குகளில் சத்தம் கீழே இருப்பதைவிடத் தெளிவாக மேலே வரும். இரண்டு, எனக்கு வயலின் பைத்தியம், அதனால் நமக்கு வலது கை ஓரமாகவே வாங்குவேன். வயலின்காரர் பாடகருக்கு இடது பக்கம் உட்காருவார், அது நமக்கு வலது. மிருதங்கம் பார்க்க வேண்டுமென்றால் எதிர் ஓரம். நடு வரிசைக்கு ஏன் கூடுதல் காசு கொடுக்க வேண்டும்? மூன்று, தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கிற பகுதி) தொடங்கும்போது ஒரு கூட்டம் எழுந்து கேன்டீன் பக்கம் போகும். மிருதங்கக்காரருக்கு அது அவமரியாதை, நான் போக மாட்டேன். ஆனால் போகிறவர்கள் விட்டுப்போன இடத்துக்கு நைசாக நகர்ந்துவிடுவேன்.

அப்புறம், பகல் கச்சேரிகள். பல சபாக்களில் மத்தியானம் இலவசம். இன்றைக்கு இரவு 7 மணிக்குப் பாடுகிற பலர் அங்கே பகல் 12 மணிக்குப் பாடி வந்தவர்கள்தான். அன்றைக்கு நான் முதல் வரிசையில் சும்மா உட்கார்ந்து கேட்டேன். தை மாதம் திருவையாறு ஆராதனைக்கு வாருங்கள், காவிரிக்கரையில் தியாகராஜருடைய பஞ்சரத்னக் கீர்த்தனைகள். டிக்கெட்டே கிடையாது, தரையில் உட்கார வேண்டியதுதான். முன்னால் போக வேண்டுமானால் சீக்கிரம் வர வேண்டும், அவ்வளவுதான் விதி.

பெரம்பூர் பொண்ணு (டிசம்பர் 3, இரவு 9:20)

கன்சோல் அண்ணா, கோடி நன்றி. "வளர்ச்சி பின்பக்கம்தான்" என்பதை அப்பாவிடம் சொன்னேன். ரயில்வேயிலும் அன்ரிசர்வ்டு பெட்டியை எடுத்துவிட்டு ஏசி பெட்டி சேர்ப்பார்கள், அதே கதை என்கிறார். அந்த 340 மீட்டர் கணக்கைப் பேப்பரில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மாமா, அப்பா கர்நாடக சங்கீதத்துக்கு எதிரி இல்லை. ஆனால் ஆலாபனை பத்து நிமிடம் தாண்டினால் குறட்டை வந்துவிடும், பக்கத்து சீட்காரர் எங்களை மன்னிக்க மாட்டார். மாமிக்கு என் வணக்கம்.

ஹாரோக்காரன் (டிசம்பர் 4, காலை 3:48)

லண்டனிலிருந்து. இங்கே நம் ஆட்கள் வெம்ப்ளி அரீனா, ஓ2 என்ற பெரிய அரங்குகளில் கச்சேரி நடத்துவார்கள். பிளாக், வரிசை, எண் மூன்றும் டிக்கெட்டில் இருக்கும். உங்களுக்குச் சொல்ல வந்தது வேறு. தூண் மறைக்கிற இடம், ஸ்பீக்கர் மறைக்கிற இடம் என்றால் அதை "பார்வை தடைபடும் இருக்கை" என்று டிக்கெட் வாங்கும் பக்கத்திலேயே எழுதி, பெரும்பாலும் விலையையும் குறைத்துவிடுவார்கள். நானும் மனைவியும் ஒருமுறை தெரிந்தே அப்படி ஒன்று வாங்கினோம். பாதி மேடைதான் தெரிந்தது, ஆனால் பாதி மேடைக்குத்தான் காசு கொடுத்தோம், வருத்தமில்லை. உங்கள் அப்பாவுக்கு நடந்தது இங்கேயும் நடக்கலாம். ஆனால் சொல்லிவிட்டு நடக்கும்.

அதற்காக இது சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். 2024 ஆகஸ்ட் 31 அன்று ஒயாசிஸ் என்ற ராக் குழுவின் டிக்கெட் விற்பனைக்கு நானும் நின்றேன். பல மணி நேரம் இணைய வரிசை. நிற்கும்போது சுமார் 150 பவுண்டு என்றிருந்த நின்று பார்க்கும் டிக்கெட், முன்னால் போய்ச் சேர்ந்தபோது 355 பவுண்டு. குறைந்த விலை டிக்கெட் தீர்ந்ததும் மிச்சத்தைக் கூடின விலைக்கு விட்டார்கள், அதை முன்னால் சொல்லவில்லை. காய்கறிக்காரர் நாம் வரிசையில் நிற்கும்போதே தராசுக்குப் பின்னால் விலைப் பலகையை மாற்றுவது மாதிரி. யோசிக்க இரண்டு மூன்று நிமிடம்தான் தருவார்கள், அதற்குள் எந்த மனிதன் நிதானமாக யோசிப்பான்? நான் வாங்காமல் மூடிவிட்டேன், வாங்கிய நண்பன் இன்னும் அந்த விலையை மனைவியிடம் சொல்லவில்லை. போட்டி ஆணையம் விசாரித்தது, விலைகளை முன்கூட்டியே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று ஆனது. அயர்லாந்தில் 2021-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள், பெரிய நிகழ்ச்சிகளின் டிக்கெட்டை அச்சிட்ட விலைக்கு மேல் மறுவிற்பனை செய்யக் கூடாது.

கலைஞர் மனது வைத்தால் கொஞ்சம் நடக்கும் என்பதற்கும் ஒரு உதாரணம் சொல்கிறேன். 2023-ல் தி க்யூர் குழு அமெரிக்காவில் 20 டாலர் டிக்கெட்டும் வைத்தது. கட்டணம் அந்தக் கட்டணம் இந்தக் கட்டணம் என்று சேர்த்தால் டிக்கெட் விலையையே தாண்டியது. குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித் டிக்கெட் விற்ற நிறுவனத்தோடு பகிரங்கமாகச் சண்டை போட்டார். குறைந்த விலை டிக்கெட் வாங்கியவர்களுக்கு 10 டாலரும் மற்றவர்களுக்கு 5 டாலரும் திரும்பி வந்தது. நம் இசையமைப்பாளர்கள் யாராவது உங்கள் 250 ரூபாய் வசதிக்காகச் சண்டை போடுவார்களா என்று காத்திருப்போம்.

கோர்ட்டு வாசல் (டிசம்பர் 4, காலை 10:02)

மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் நான்.

காசு திரும்பக் கேட்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி இது சேவைக் குறைபாடு. நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், எண் ஒன்று தருவார்கள். அதில் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இணையத்திலேயே மனுப் போடலாம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணமும் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே பேசலாம். டிக்கெட் விற்றவர், கச்சேரி நடத்தியவர் இருவரையும் எதிர்தரப்பில் சேருங்கள். இல்லையென்றால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார்.

ஆனால் ஆதாரம்? உட்கார்ந்த இடத்திலிருந்து எடுத்த போட்டோ, விற்பனை நாளில் காட்டிய கலர் படத்தின் ஸ்கிரீன்ஷாட், தடுப்பு நகர்ந்ததன் வீடியோ இதெல்லாம் இருந்தால் நல்லது. பலரும் பாட்டைத்தான் வீடியோ எடுத்திருப்பார்கள். 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை பனையூரில் ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரிக்கு டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பியது நினைவிருக்கும். அப்போது டிக்கெட் நகலை அனுப்புங்கள், பார்க்கிறோம் என்று அறிவிப்பு வந்தது. அது ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே ராத்திரியில் கத்தியதால் வந்தது. நீங்கள் ஒருவர் கத்தினால் காகிதம்தான் பேச வேண்டும்.

விலைக்கு எதிராக எதுவும் செய்ய முடியாது. தமிழ்நாட்டில் சினிமா டிக்கெட்டுக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது, கச்சேரிக்கு அப்படி ஒன்று இல்லை. மறுவிற்பனைக்கும் அதே கதைதான். கோல்ட்பிளே என்ற ராக் குழுவின் மும்பைக் கச்சேரிக்கு 2024 செப்டம்பரில் டிக்கெட் விற்றபோது 2,500-லிருந்து 35,000 வரை இருந்த டிக்கெட்டுகளை மறுவிற்பனையில் லட்சங்களுக்குப் பேசினார்கள். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார்கள். 2025 ஜனவரியில் தள்ளுபடி, சட்டம் போடுவது நீதிமன்றத்தின் வேலை இல்லை என்று. தட்கல் டிக்கெட்டை இணையத்தில் எடுக்க 2025 ஜூலையிலிருந்து ஆதார் கேட்கிறார்கள், உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். கச்சேரிக்கு அதையும் கேட்கலாமா என்றால் எனக்கு அதில் விருப்பமில்லை. பாட்டுக் கேட்க ஆதாரா?

பெரம்பூர் பொண்ணு (பிப்ரவரி 17, இரவு 11:30)

திரியை மேலே தூக்குவதற்கு மன்னிக்கவும். என்ன ஆனது என்று சொல்லாமல் போகிறவர்களைக் கண்டால் எனக்கே பிடிக்காது.

அந்த ஞாயிறு விற்பனை திறந்ததும் முதலில் விலையைப் பார்க்கவில்லை, கன்சோல் அண்ணா சொன்ன மாதிரி வரிசை எண் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. டைமண்ட் பக்கமே போகவில்லை. 2,500 ரூபாய்ப் பகுதியில், கன்சோல் என்று சாம்பல் கட்டம் போட்டிருந்த இடத்துக்கு வலது பக்கம், 11-வது வரிசையில் 23, 24 காலி. வரியும் வசதியும் சேர்த்து ஒன்று 3,127, இரண்டுக்கும் 6,254. போன தடவையில் பாதி.

நேற்றுப் போனோம். எங்கள் இடத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது, மறுபடியுமா என்று. அப்பா என்னைத் தள்ளிவிட்டு முன்னால் போனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "சார், உங்க டிக்கெட்டைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார். ஓடுகிற வண்டியில் டிடிஇ கேட்பாரே, அதே குரல். அந்த மனிதர் பதறி எடுத்துக் காட்டினார். 21-வது வரிசை 23. "இது பதினொண்ணு, உங்களுது பின்னாடி. படி பார்த்து ஏறுங்க." அவர் ஸாரி சொல்லிவிட்டு எழுந்து போனார். வாக்குவாதம் இல்லை, சண்டை இல்லை. கச்சேரி தொடங்குவதற்கு முன்பே அப்பாவுக்குப் பாதிக் காசு வசூலாகிவிட்டது.

பாட்டு அவ்வளவு தெளிவு. புல்லாங்குழல்காரர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. கீபோர்டு வாசித்தவர் மட்டும் தொங்குகிற ஸ்பீக்கருக்குப் பின்னால் மறைந்துவிட்டார், அதை அப்பா இரண்டு முறை குறிப்பிட்டார். தண்ணீர் பாட்டில் 60 ரூபாய், பாப்கார்ன் 250, அதைப் பற்றி வேறொரு திரி போடுகிறேன்.

புகார் விஷயம்: 1915-ல் பதிந்தேன். டிக்கெட் விற்றவர்களிடமிருந்து பதில் வந்தது, தாங்கள் இடைத்தரகர் மட்டும்தானாம், நடத்தியவரைக் கேட்க வேண்டுமாம். கோர்ட்டு வாசல் சொன்ன அதே கை காட்டல். நடத்தியவரிடமிருந்து பதிலே இல்லை. ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆதாரத்துக்கு ஒரு போட்டோ தேடினேன், என் போனில் அந்த இரும்பு மேடையின் பின்பக்கம் தெளிவாக விழுந்திருக்கிறது, அதன் கீழே அப்பாவின் வழுக்கை. அதுவே போதுமா?

இன்னொன்று. கோவையில் கொடிசியா மைதானத்தில் ஏப்ரலில் வைக்கிறார்களாம், பெரியப்பா கேட்கிறார். அங்கே நாற்காலிக்கு எண் போடுவார்களா, யாருக்காவது தெரியுமா?